பழைய டிசைன்

"இந்தக் கிழட்டுக் கார்மேல சாஞ்சிகினு போட்டோ எடுத்து அனுப்பிக்கிறான் பாரு உன் புள்ள! பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

வேணுகோபால் படத்தை மனைவியிடம் நீட்டினார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் சரவணன். அவன் பின்னால் நீண்ட மூக்கும் உருண்டைக் கண்களுமாக ஒரு சிவப்புக் கார். மூன்று தலைமுறையாக ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். பிறர் ஓட்டித் தள்ளிய வண்டி அந்த வாசலில் நின்றதில்லை.

"புதுசுதாங்க" என்றாள் தெய்வநாயகி. "நாப்பது வருசத்துக்கு முந்தி ஓடின காராம். அதே முகத்தோட இப்ப மறுபடி செய்றாங்களாம். அங்க அடிச்சிப் புடிச்சி வாங்கறாங்களாம். இவனே பேர் குடுத்துட்டு மாசக்கணக்கா காத்துகினு இருந்தானாம்."

"பழைய முகம், புது காரா? யார் காதுல பூ சுத்தறான்? நம்ம கடையில வருசக்கணக்கா விக்காம கெடந்த புடவைங்கள உதறி, 'பழைய டிசைன், புது நெசவு'ன்னு நான் தள்ளி விட்டேனே, அதே கதைதான். அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியனா?"

காரைக் கத்தரித்துவிடலாமென்றால் மகனில் பாதியும் சேர்ந்து போகும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போளூரிலிருந்து பெண்ணின் அப்பா ரங்கசாமி, மனைவி ஜெயத்துடன் வந்துவிட்டார்.

காபி குடித்தபடி படத்தைப் பார்த்தார் ரங்கசாமி. "இந்தக் கார் மாப்பிள்ளையோடதுங்களா?"

"சேச்சே!" வேணுகோபால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டுக்காரனோட பழைய வண்டிங்க. சும்மா நின்னு எடுத்துக்கினான். நம்ம புள்ள அதையெல்லாம் தொடமாட்டான்."

ரங்கசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழைய வண்டியே வெச்சிருந்தாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா போன வாரம் எங்க பொண்ணுகிட்ட போன்ல, அது தன்னோட புது கார்னு சொல்லிக்கிறாரே உங்க புள்ள? கட்டிக்கப் போற பொண்ணுகிட்டயே பொய்யா?"

"ஐயோ, அது அவன் கார்தாங்க! புதுசுதாங்க!" தெய்வநாயகி பதறினாள். "இவருதான் தெரியாம சொல்லிட்டாரு."

தாம்பூலத் தட்டைத் தொடாமலே எழுந்தாள் ஜெயம்.

"பெத்த பாசத்துல பேசறீங்கம்மா. பெரியவர் வாயில பொய் வருமா? நான் கட்டிகினு இருக்கிற இந்தப் புடவைய இவர் கடையிலதான் எடுத்தேன். 'பழைய டிசைன், புது நெசவு'ன்னு சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்ன மனுசனாச்சே!"