கொட்டை போட்ட ஆலிவ்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், மரத்திலிருந்து பறித்த ஆலிவ் பழத்தைக் கடித்த தவயோகன் கசப்புத் தாங்காமல் துப்பினார். அந்தக் கொட்டையை வாடகை வீட்டு முற்றத்திலேயே ஊன்றினார்.

“கிளையை வெட்டி நட்டால் நாலு வருஷத்தில் காய்க்கும். கொட்டை என்றால் பதினைந்து வருஷமாவது ஆகும்” என்றாள் வீட்டுச் சொந்தக்காரி.

“அதுக்கிடையில நாங்கள் ஊருக்குப் போயிடுவம்” என்று மனைவி புவனாவிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

இலங்கையில் சண்டை முடிந்து இருவரும் போய்ப் பார்த்தபோது, ஊரில் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டுமே இருந்தது. திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்தக் கார்த்திகையில் மரம் முதன்முறையாகச் சின்னச் சின்னதாகக் காய்த்தது. தவயோகன் வெகுநேரம் அதன் கீழே நின்றார். பிறகு ஒரு பிடி பறித்துவந்து புவனாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கி முகர்ந்தாள்.

“இஞ்சேருங்கோ, கசப்புப் போக இதை எத்தினை நாள் உப்புத்தண்ணியில போடோணும் எண்டு வீட்டுக்கார மனிசியிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ.”