இன்னும் இரண்டு நிமிடத்தில்

ஆறு மணி ஆனதும் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் மன்றத்தின் பக்கத்தைத் திறந்தார்.

புதிருக்குக் கீழே விருதுநகர் மாரீஸ்வரியின் விடை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மூன்று வருஷமாக இதே கதை. இணையக் குறுக்கெழுத்து மன்றத்தில் காலை ஆறுக்குப் புதிர் வரும். முதலில் முடிப்பவர் பெயர் அன்று முழுக்க உச்சியில் நிற்கும். அண்ணாச்சி பெயர் ஒரு நாள்கூட நின்றதில்லை.

யாரோ அவளுக்கு முன்கூட்டியே புதிரைக் கொடுக்கிறார்கள். பாதித் தமிழ்நாடு இதில் கூட்டு.

“அந்தப் பொம்பள ஆறு மணிக்குப் பேனாவ எடுக்குறா. நீங்க ஆறு மணிக்குக் கண்ணாடியத் தேடுறீங்க” என்றாள் மனைவி.

மனைவியையும் பட்டியலில் சேர்த்தார்.

பதிவுகளின் அடியில் நேரம் இதுவரை ஆங்கிலப் பொடி எழுத்தில் கிடந்தது. யார் படித்தார்கள்? போன வாரம்தான் மன்றத்தின் மென்பொருள்காரர்கள் அதை மொழிபெயர்க்க வழி விட்டார்கள். சற்று முன், நேற்று, போன மாதம் என்று நூற்றுப்பத்து வரிகளையும் அவரே தமிழாக்கினார். நான்கு நாள் அன்னம் தண்ணீர் கிடையாது, மூன்று வேளைச் சாப்பாடு தவிர.

ஒரு வரி மட்டும் உறுத்தியது.

‘இன்னும் இத்தனை நிமிடத்தில்.’

வராத பதிவை எவன் படிப்பான்? இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதி வைத்தார்.

இன்று மாரீஸ்வரியின் விடைக்கு அடியில் அதே வரி.

இன்னும் இரண்டு நிமிடத்தில்.

அகப்பட்டாள்.

எண்ணூறு உறுப்பினர்கள் பார்க்க, பெயர் சொல்லியே புகார் எழுதினார். வராத நேரத்தில் விடை போடுகிறவள் திருடி அல்லாமல் யார்?

அனுப்பினார்.

புகாருக்கு அடியில்: இன்னும் மூன்று நிமிடத்தில்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்றுதான்.

அதற்குள் மாரீஸ்வரியின் பதில் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, இங்க மணி ஆறு பத்து. ஒங்க கடியாரத்துல என்ன?”

ஆறு ஏழு.

பதிவுக்கு அடியில் நிமிடக் கணக்குப் போடுவது அவர் கம்ப்யூட்டர் கடிகாரம்தான்; அது தானாக நேரம் வைத்துக்கொள்ள அவர் என்றைக்குமே விட்டதில்லை. அதை யார் நம்புவது? பணி ஓய்வு விழாவில் கட்டிவிட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்து, தினமும் தன் கையாலேயே திருத்துவார்.

புகாரை அழித்தார்.

அவள் பதிலை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அவர் கணக்கில் அது வருவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

கடிகாரத்தைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.