குழித்தண்ணீர்

இரண்டாவது முறை முக்கி எடுத்தபோதே பிள்ளைக்குக் குரல் அடைத்துப்போயிற்று.

வாய் மட்டும் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

இன்னும் ஒரு முறை இருந்தது.

இவள் தன் பிள்ளையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மனசுக்குள் ஐந்து எண்ணினாள். பச்சைத் தண்ணீருக்குள் சின்ன முடி விரிந்து ஆடியது.

தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினாள். தண்ணீரும் பாலுமாகக் கக்கியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழி அது. எண்பது அடி ஆழம். லாரி இறங்கிய சரிவு வரைக்கும் மழைத் தண்ணீர் வருசக்கணக்காய்க் கிடக்கிறது. வேலி கேட்டால், முடிஞ்ச குழிக்கு நான் பொறுப்பில்லை என்கிறான் குவாரிக்காரன். குழியை ஒட்டித்தான் ஜல்லி உடைக்கும் களம். உடைக்கிறவர்களின் பிள்ளைகளும் அங்கேதான்.

கட்டிப் போடவும் முடியாது. பக்கத்துக் குழியில் வெடி வைக்க விசில் ஊதினால், பக்கத்தில் கிடக்கிற பிள்ளையை எவளாவது அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். முடிச்சு அவிழ்க்கிற நேரத்தில் கல் வந்து விழுந்துவிடும்.

அதனால் நடை பழகியதும் பிள்ளையைக் குழியில் முக்கிவிடுவார்கள். மூன்று முறை, மூச்சு முட்ட. அதற்கப்புறம் அது தண்ணீர்ப் பக்கம் எட்டிப் பார்க்காது.

முக்குவது சடச்சி அக்கா. களத்துப் பிள்ளைகள் அத்தனையும் அவள் கை பட்டவை. பெற்றவள் கை வைக்கக் கூடாது என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இவளுடைய மூத்தவனையும் சடச்சிதான் முக்கினாள். ஒரே முறைதான். அவன் கதறியது பொறுக்காமல் இவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். போதும்க்கா, போதும்க்கா என்று காலைப் பிடித்தாள்.

ஆடி மாசம் அவன் மிதந்தான்.

இந்தப் பிள்ளைக்குச் சடச்சி வர மாட்டேன் என்றுவிட்டாள். நீ பாதியில வந்து பிடுங்குவ, அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம் என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இவளே இறங்கினாள்.

மூன்றும் முடித்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைக் களத்தில் இறக்கிவிட்டாள். தவமணி என்று பேர். பதினாலு மாசம்.

தவமணி நாலு எட்டு வைத்தது. விழுந்தது. எழுந்து, நேரே சரிவைப் பார்த்து நடந்தது.

தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் அடித்தது. தெறித்தது. சிரித்தது.

இவள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பிள்ளை திரும்பி இவளைப் பார்த்தது.

சிரிப்பு நின்றுபோயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போயிற்று. அடைத்த குரலில் வீறிட்டபடி, இவள் கைக்குச் சிக்காமல் பின்னால் நகர்ந்தது. பின்னால் தண்ணீர்.

சுற்றிக்கொண்டு ஓடிவந்து சடச்சிதான் தூக்கினாள். சடச்சியின் தோளில் அழுகை அடங்கிவிட்டது.

"நீ குழியக் காட்டலடி," என்றாள் சடச்சி. "ஒன்னையக் காட்டிட்ட."

பசித்தால் தானா வரும் என்றார்கள். வரவில்லை. சடச்சி கையில் கஞ்சி குடித்தது. அப்பனிடம் படுத்தது. பால் கட்டி இவளுக்கு ரவிக்கை நனைந்தது. மறைவில் போய்ப் பீய்ச்சிக் கல்லில் விட்டாள்.

மறுபடி முக்கச் சொல்லி இந்த முறை இவளே சடச்சியைக் கெஞ்சினாள். சடச்சி பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே தண்ணீர் போயிருந்தது. இரைந்தது. இன்னொரு தடவை தாங்காது என்றாள்.

அன்று மதியமே இவள் தன் கல்லையும் சுத்தியலையும் சரிவுக்கு மாற்றிக்கொண்டாள்.

அங்கே நிழல் கிடையாது. உடைத்த ஜல்லியைக் கூடை கூடையாக மேலே சுமக்க வேண்டும். உனக்கு என்ன கிறுக்கா என்று மேஸ்திரி கத்திப் பார்த்தான். இவள் நகரவில்லை. தண்ணீருக்கு முதுகைக் காட்டி, களத்துக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்து உடைத்தாள்.

தவமணி வரும். இவளைப் பார்க்கும். நிற்கும். உதடு கோணும். திரும்பி ஓடிவிடும்.

மனசு அறுந்தது. ஆனாலும் அந்த நாட்களில் இவளுக்குத் தூக்கம் வந்தது.

ஒரு வாரம் போயிற்று.

எட்டாம் நாள் பிள்ளை திரும்பி ஓடவில்லை. நின்று பார்த்தது.

மறுநாள் இரண்டு எட்டு கிட்டே வந்தது.

அதற்கும் அடுத்த நாள் கையில் ஒரு பன் ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு வந்தது. உதடு கோணவில்லை. சரிவின் தலைமாட்டில் நின்று இவளை உற்றுப் பார்த்தது.

"ம்மா," என்றது.

அதுவரைக்கும் பிள்ளைக்கு வார்த்தை வந்ததில்லை.

ரொட்டியை நீட்டிக்கொண்டு சரிவில் ஒரு கால் வைத்தது. அப்புறம் இன்னொரு கால். சிரித்தது.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. நாளைக்கு உடம்புக்கு முடியாமல் தான் படுத்துவிட்டால், இந்தச் சரிவில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிள்ளை பயப்பட வேண்டியது சரிவுக்கு.

நீட்டப்போன கைகளை மடியில் அழுத்திக்கொண்டாள்.

பிள்ளை இன்னும் கிட்டே வந்தது.

இவள் வலது கை பக்கத்து ஜல்லிக் குவியலுக்குள் போயிற்று. ஒன்றை எடுத்தது. விரலால் தடவிப் பார்த்துக் கீழே போட்டது. இன்னொன்றை எடுத்தது. அதையும் போட்டது.

எறிவதற்குக் கூர் இல்லாத கல்லாகத் தேடியது.