ஏழாம் பக்கத்து யாளி

நாச்சியார் ஆறு வருஷமாக ஒரு மாயாஜாலப் படக்கதை வரைந்துகொண்டிருந்தாள். முந்நூறு பக்கம் வரவேண்டிய கதை. ஏழாம் பக்கத்தில், பாலத்தில் ஏறுவதற்காக முன்காலைத் தூக்கிய தாய் யாளி, தூக்கிய காலோடு அப்படியே நின்றது.

"இன்னும் எத்தனை வருஷம் மூணு காலில் நிற்கிறது?" என்று அது மேஜைமேல் கிடந்த ரப்பரிடம் கத்தியது. "பாலத்துக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது. என் குட்டி உள்ளே மாட்டியிருக்கிறது. மாட்டிவிட்டவளே இவள்தான்! ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் பக்கத்தை எடுத்துவைத்துக்கொள்கிறாள்!"

"கை இப்போது நன்றாகத் தேறிவிட்டதாம். பழைய படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்," என்றது ரப்பர். "ஏழு வரைக்கும் திருத்துகிறாள். அதற்குள் கை இன்னும் தேறிவிடுகிறது. மறுபடியும் ஒன்றாம் பக்கம்."

"நீயும்தானே கூட இருந்து அழிக்கிறாய்! வெட்கமாயில்லை?"

ரப்பர் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டது. தேய்ந்து தேய்ந்து அது சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது.

நாச்சியார் வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை எடுத்தாள். "ஐயே, யாளிக்கு மூக்கு கோணலா இருக்கே," என்று ரப்பருக்குக் கை நீட்டினாள்.

ரப்பர் உருண்டது. மேஜையிலிருந்து குதித்து, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவள் குனிந்து துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. சலித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டாள்.

எட்டாம் பக்கத்தில் யாளி காலை ஊன்றிப் பாலத்தைக் கடந்தது. புகைக்குள்ளிருந்து குட்டி ஓடிவந்தது. அம்மாவின் மூக்கு கோணலா என்று அது கவனிக்கவே இல்லை.

"ஆறு வருஷமா எங்கேம்மா போயிருந்தே?" என்றது.