இடப்பக்கம் சரியும் தலை

வெடியும் மேளமும் காதைப் பிளந்தன. வேலை கேட்டு வந்த பொடியன்கள் மைதானத்தில் வரிசையாக நகர, மந்திரி தலையாட்டியவர்களை உடனே பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றைக்கே வேலை!

"அம்மா, அடுத்தது நான்தான்!" என்று நிரோஜன் துள்ளினான். நானும் கைதட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். மந்திரியின் தலை முதலில் இடப்பக்கம் சரிந்து, பிறகே கீழே இறங்கியது.

சண்டைக்காலத்தில் இதே மைதானத்தில், ஆமியோடு திரிந்த ஆயுதக் குழுவின் ஆள் ஒருவன் முகத்தில் சாக்கு மாட்டி உட்கார்ந்திருந்தான். அவன் தலையாட்டியவர்களை ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றினார்கள்; ஒருவரும் திரும்பி வரவில்லை. என் மனுசனைக் கண்டபோதும் அந்தச் சாக்கு இப்படித்தான் சரிந்து இறங்கியது.

"நிரோஜன், இங்கால வா!" என்று கத்தினேன். மேளத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. தகப்பனை உரித்துவைத்த அந்த முகத்தை மந்திரி உற்றுப் பார்த்தார். மகன் சிரித்தான்.

தலை இடப்பக்கம் சரிந்தது.