எந்தக் கடலிலும் பிழைக்கும் குஞ்சுகள்

கொடுவா மீன்குஞ்சுகளுக்கு உயிரோடு போடும் உப்புநீர்ப் பூச்சிகளை, முதலில் மீன் எண்ணெய் கலந்த நீரில் விட்டு ஊட்டமேற்ற வேண்டும். தொட்டியில் எண்ணெய் மிதந்தால் விழாப் புகைப்படம் நன்றாக வராது என்று மீன்குஞ்சுப் பொரிப்பக இயக்குநர் கோமதிநாயகம் ஒரு வாரமாக அதை நிறுத்தியிருந்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. குஞ்சுகளும் நீந்தின.

"சார், வெறும் பூச்சியைத் தின்ன குஞ்சு சின்ன அதிர்ச்சிக்கே செத்துரும். யாரும் கைதட்ட வேணாம்னு சொல்லிருங்க" என்றாள், அவற்றைப் பொரித்து வளர்த்த ரெஜினாள்.

"நான் பேசி முடிச்சா கைதட்டாம இருப்பாங்களாம்மா?"

குஞ்சுகளை அறிமுகப்படுத்தும் விழா தொட்டியருகிலேயே நடந்தது. இயக்குநர் மைக்கைத் தொட்டதும் அது கீச்சென்று அலறியது. ஒலிபெருக்கிப் பக்கமிருந்த குஞ்சுகள் ஒருமுறை துடித்து, வாய் பிளந்து, அடியில் படிந்தன. அவரும் ரெஜினாளும் மட்டும் அதைப் பார்த்தார்கள்.

கைதட்டாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். 'எந்தக் கடலிலும் பிழைக்கும் குஞ்சுகள்' என்று பின்னால் பேனர் தொங்கியது. அதனால் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. நன்றியுரையையும் தானே சொன்னார். தன் பள்ளிப் பருவத்துக்குப் போனார், திரும்பினார், மறுபடியும் போனார்.

"நிறுத்திராதீங்க சார்" என்று பின்னாலிருந்து ரெஜினாள் கிசுகிசுத்தாள்.

முப்பதாண்டுச் சொற்பொழிவில் முதல்முறையாக அவருடைய பேச்சு சில உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்டது. எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தினார்.

முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த அமைச்சர் திடுக்கிட்டு விழித்து, இரண்டு கைகளையும் அகல விரித்தார்.