திங்கட்கிழமைப் பட்டினி

"இவளைக் குருடியாய் விட்டிட்டுப் போகவோ வந்தனி?" என்று விஜிதரன் பல்லைக் கடித்தான்.

இளமாறன் தூரிகையைக் கழுவினான். இருவருக்கும் நடுவில் அவள் ஒரு கையை நீட்டியபடி, சிவந்த உதட்டோடும் முழி எழுதாத வெறுங்கண்ணோடும் நின்றாள். ஏழடி உயரம், பிளாஸ்டர் உடம்பு.

பீல் நகருக்கு அடுத்த ஊரிலிருக்கும் அந்த உரோமானிய அருங்காட்சியகத்தில் மறுநாள் பத்து மணிக்குக் கண்காட்சி தொடங்குகிறது. உரோமர்கள் கல்லை வெள்ளையாக விடவில்லை, நம் கோபுரத்துப் பொம்மைகளைப் போல வண்ணம் அடித்தார்கள் என்று காட்ட, தோண்டியெடுத்த ஒரு தேவிக்குப் பிரதி செய்து நிறுத்தியிருந்தார்கள். அங்குள்ள பிள்ளையார் கோயிலின் கும்பாபிஷேக வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த கோயில் சிற்பி இளமாறனை வண்ணம் தீட்டக் கூட்டிவந்தவன் விஜிதரன்.

பத்தொன்பது வருடமாக அங்கே வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டியவன் அவன். இந்த ஒரு யோசனையால்தான் மண்டபத்துக்குள் உதவியாளன் ஆனான். எல்லாரும் ஃப்ராவ் டொக்டர் என்றழைக்கும் இயக்குநர் அம்மையார் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்திருந்தார். மூலச்சிலையில் பழைய சாயம் ஒட்டியிருந்த இடமெல்லாம் அதில் புள்ளி வைத்திருந்தது. புள்ளிக்கு மேல் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் விஜிதரன் மறுபடி கோட்டு மாட்டப் போகலாம் என்று சொல்லியிருந்தார்.

"வேலை முடிஞ்சுது அண்ணே. கண்ணு மட்டும் நான் தெறக்க மாட்டேன்."

"ஏன் தம்பி?"

"தெறந்தா அவ சாமி. தெனம் விளக்கு வைக்கணும், நைவேத்தியம் வைக்கணும். திங்கக்கிழமை மியூசியம் லீவு. அன்னிக்கு அவ பட்டினியா?"

இது வெறும் பிளாஸ்டர் என்றான் விஜிதரன். உங்க கோயில் பிள்ளையாரும் வெறும் கல்லுதானே என்றான் இளமாறன்.

"நாலு நாளாய் என்ர வீட்டுப் புட்டைத் திண்டுபோட்டு என்ர வேலைக்கே உலை வைக்கிறாய்."

சத்தம் கேட்டு ஃப்ராவ் டொக்டர் வந்தார். வெறுங்கண்ணைக் கண்டதும் அவர் கழுத்து, தேவியின் உதட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே சிவந்தது. மூன்று நிமிடம் ஜெர்மனில் பொரிந்து தள்ளினார்.

விஜிதரன் மொழிபெயர்த்தான்: "மனிசிக்குச் சந்தோசமில்லை."

அவர் சுவரைக் காட்டினார். 'தலைமுறை தலைமுறையாக உரோமர்கள் வழிபட்ட தேவி' என்று ஆளுயர எழுத்து. அவர் எழுதிய புத்தகத்தின் பெயரும் அதுதான். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில், தேவியோடு சேர்த்துத் தோண்டியெடுத்த ஏழு உளிகளும் பாதி செதுக்கிய நான்கு கைகளும் இருந்தன. 'பக்தர்களின் காணிக்கை' என்றது அட்டை. பள்ளிப் பிள்ளைகள் இருபது வருடமாக அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். இப்பேர்ப்பட்டவளுக்குக் கண்ணில்லை என்று நாளைக்கு ஒருவர் சிரித்தாலும், கோட்டு அறைதான் என்றார்.

விஜிதரன் ஆத்திரத்தில் புள்ளித் தாளை இளமாறனின் மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தான். தலைமுடி மஞ்சள். புருவம் கறுப்பு. இமை கறுப்பு. அப்புறம் நின்றுவிட்டான்.

கண்ணில் புள்ளி இல்லை என்று ஜெர்மனில் சொன்னான். நம்ப முடியாமல் தமிழிலும் ஒரு தடவை சொன்னான்.

மழை கழுவியிருக்கும் என்றார் ஃப்ராவ் டொக்டர். விஜிதரன் அதை இளமாறனுக்குச் சொன்னான்.

"புருவத்துல இருக்கு, இமையில இருக்கு. மழை முழியை மட்டுமா கழுவும்?"

இதை விஜிதரன் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தான். புள்ளியில்லாத இடத்தில் துளி வைக்கக்கூடாது என்றவர் நீங்கள்தானே என்று தன் கணக்கிலும் ஒன்று சேர்த்துக்கொண்டான். ஃப்ராவ் டொக்டர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கோட்டுப் பேச்சு அத்தோடு நின்றது.

இளமாறன் கண்ணாடிப் பெட்டிக்குமுன் குனிந்தான். உளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்; உதிரிக் கைகளை எண்ணினான். எங்கள் பட்டறை மூலையிலும் கண் திறக்காத சிலைகளோடு இப்படித்தான் கிடக்கும் என்று முணுமுணுத்தான். பிறகு சுவரிலிருந்த எழுத்துக்கு அர்த்தம் கேட்டான். விஜிதரன் சொன்னான்.

இளமாறனுடைய கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஃப்ராவ் டொக்டரை, துக்கவீட்டுக்கு வந்தவனைப் போலப் பார்த்தான்.

"மேடம், இவ இன்னும் டெலிவரியே ஆகல."